ஒரே சாலையில் இரண்டு கோயில்கள்

தமிழ் நாட்டிலிருந்து டில்லிக்குப் பிரயாணம் செய்யும் குடும்பத்தார், பார்க்க வேண்டிய இடங்களுக்கு ஒரு ஜாபிதா எழுதிக்கொண்டுதான் ரயில் ஏறுகிறார்கள். செங்கோட்டை, குதுப்மினார், ராஷ்டிரபதி மாளிகை என்று வளரும் அந்த ஜாபிதாவில் பிர்லா மந்திருக்கும் தவறாமல் இடம் உண்டு. லக்ஷ்மி நாராயண மந்திர் என்பதே அதன் பெயர். ஆனால் பெருமாளின் பெயரைவிடக் கட்டியவர்களின் பெயரே ஜனங்களின் நாவில் நிலைத்துவிட்டது! சென்ற விடுமுறையில் நானும் அக்கோயிலைத் தரிசித்து வந்தேன்.

நம்மவர் கண்ணுக்கு அது முதலில் புதுமையாகவே தோன்றும். மதுரையிலும் ஸ்ரீரங்கத்திலும் வாசற் கோபுரந்தான் வானளாவி நிற்கிறது. மூலஸ்தானத்து விமானம் அடக்கமானது. இங்கேயோ மூலஸ்தானத்தின் மேலேயே சிகரம் எழும்பி, சுமார் 160 அடி உயரத்துக்குப் போகிறது. நடுவில் லக்ஷ்மி நாராயணர். இரு பக்கங்களிலும் சிவபெருமானுக்கும் துர்க்கைக்கும் சந்நிதிகள். ஏழரை ஏக்கர் நிலத்தில் தோட்டங்களும் நீரூற்றுக்களும் கீதா பவனமும் அமைந்திருக்கின்றன. பக்கத்தில் புத்தபிரானுக்கும் ஓர் ஆலயம் இருக்கிறது.

இதைக் கட்டிய காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1931-ம் ஆண்டில் பிரிட்டிஷார் புது டில்லியைத் திறந்து வைத்து, தங்கள் ஆட்சி இன்னும் நெடுங்காலம் நீடிக்கும் என்று நம்பியிருந்தார்கள். இரண்டே ஆண்டுகளுக்குப் பின், 1933-ல், அந்த வைசிராய் நகரத்திலேயே இக்கோயிலின் வேலை தொடங்கியது. பல்தேவ தாஸ் பிர்லாவும் அவருடைய குமாரர் ஜுகல் கிஷோர் பிர்லாவும் பொருள் உதவினார்கள். புதிய கட்டிடங்களும் பாரத நாட்டுச் சிற்ப மரபில் எழ வேண்டும் என்று வாதாடி வந்த வங்காளத்துச் சிற்ப நிபுணர் ஸ்ரீசசந்திர சட்டர்ஜி திட்டம் வகுத்தார்.

1939-ல் கோயில் முடிந்தது. திறந்து வைக்க மகாத்மாவை அழைத்தார்கள். அவர் ஒரு நிபந்தனை போட்டார்: எந்த ஜாதியாரானாலும் உள்ளே வரத் தடை இருக்கலாகாது. நிபந்தனை ஏற்கப்பட்டது, மகாத்மாவும் வந்தார். பளிங்கும் சித்திரங்களும் பணமிருந்தால் வரக்கூடியவை. அந்தக் கோயிலுக்குப் பெருமை தேடித் தந்தது இந்த நிபந்தனைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே 1939-ல், ஜூலை 8-ந் தேதி, மதுரையில் ஸ்ரீ வைத்தியநாதய்யர், ஸ்ரீ கக்கன் முதலியவர்களை மீனாட்சியம்மன் சந்நிதிக்கு அழைத்துச் சென்றார். அது இன்னும் கடினமான காரியம். புதுக் கோயிலில் வழி மறிக்கப் பழைய வழக்கம் ஏதும் கிடையாது; பழைய கோயிலிலோ, கதவைத் திறப்பதற்கு முன் மனிதர்களின் மனத்தைத் திறக்க வேண்டியிருந்தது.

பிர்லா மந்திர் இருக்கும் சாலைக்கு மந்திர் மார்க் என்று பெயர். அதே சாலையில் நடந்து போகக் கூடிய தூரத்திலே வால்மீகி மந்திர் என்று ஒரு சிறு கோயில் இருக்கிறது. அதைச் சுற்றி வசித்தவர்கள் நகரத்தின் தெருக்களைக் கூட்டித் துப்புரவு செய்த மக்கள். 1946, 1947-ம் ஆண்டுகளில் டில்லியில் இருந்தபோது மகாத்மா பல மாதங்கள் இங்கேதான் தங்கினார். பிரிட்டிஷ் மந்திரிகள் தூதுகோஷ்டியாக வந்திருந்த நாட்களில் தேசத் தலைவர்கள் இந்தக் குடியிருப்புக்குத்தான் வந்து ஆலோசனை செய்தார்கள். அங்கிருந்த குழந்தைகளுக்கு மகாத்மா பாடமும் சொல்லிக் கொடுத்தார். பள்ளிக்கூட வாத்தியாராகிய எனக்கு அந்த அறையை விட்டு வெளியே வர மனம் எழவில்லை. 1947 செப்டம்பரில் அவர் திரும்பி வந்தபோது அகதிகள் அவ்விடத்தை நிறைத்திருந்தபடியால்தான் பிர்லாக்களின் மாளிகையில் தங்க நேர்ந்தது.

பெரிய கோயிலின் படிகளில் கூட்டம் நெரிகிறது. சிறிய கோயிலில் நான் கண்டவர்கள் மிகச் சிலரே.

“இதெல்லாம் பழங்கதையாயிற்றே! சட்டம் வந்து எத்தனை காலமாயிற்று!” என்று சில நேயர்கள் சொல்லக் கூடும். 1947-ல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சாசனம் தீண்டாமையையே ஒழித்தது. வாஸ்தவம். ஆனால் திருவண்ணாமலை ஜில்லாவில் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள், அவ்வூர்த் தாழ்த்தப்பட்ட மக்கள் போலீஸ் காவலுடன் அடியெடுத்து வைத்த நாள் 2023 ஜனவரி 30. மகாத்மா மறைந்த அதே தேதி! “அவர்கள் தனியாக ஒரு கோயில் கட்டிக்கொள்ளட்டுமே” என்று சொல்லும் குரல் நம் ஊர்களில் இன்றும் கேட்கிறது. சொல்பவர்கள் படித்தவர்களாயும் இருக்கிறார்கள். கோடீசுவரர் கட்டிய கோயிலுக்கே நிபந்தனை போட்டவருக்கு இந்த யோசனை ஒரு நாளும் சம்மதமாயிராது.

ஆகையால் அடுத்த முறை டில்லிக்குப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. குழந்தைகளுக்குப் பெரிய கோயிலின் சிகரத்தைக் காட்டுங்கள். அது திறக்கப்பட்ட நிபந்தனையையும் சொல்லுங்கள். பிறகு அதே சாலையில் சிறிய கோயிலுக்கும் அழைத்துச் செல்லுங்கள். ஊர் திரும்பியதும், நம் தெருக் கோயில் திருவிழாவுக்கு யார் யார் வீட்டில் வரி வாங்குகிறோம், யார் வீட்டில் வாங்குவதில்லை என்று அந்தக் குழந்தைகள் கேட்டால், அவர்களை அடக்க வேண்டாம். பதில் சொல்லுங்கள்.