ட்ரெயில் பைக்கை விரட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா?



கொஞ்ச நாளாக ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சு. "ட்ரெயில் பைக் வைத்திருக்கும் பொடியன்களை ஜமாஅத்துக்குக் கூப்பிட வேண்டும்", "அந்தப் பைக்கே ஊருக்குள் வரக்கூடாது". ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிலும் இதே கதைதான். கோபம் நியாயமானது. ஆனால் அது போய் விழுகிற இடம் பிழை. ஆசிரியர்கள் சிலர் கூடிப் பேசியதை இங்கே எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் பைக்கைப் பற்றி. செரோ 225, டிஜெபல் 200, பாஜா, டிகிரி. இவற்றைப் பந்தயத்துக்கென்று செய்தவை என்று நினைப்பவர்கள் தயவுசெய்து கேளுங்கள். செரோ என்பது ஜப்பானில் வாழும் ஒரு மலையாட்டின் பெயர். நமது கொத்மலை அணைக்கட்டு முடிந்த அதே 1985இல்தான் யமஹா அந்தப் பைக்கை வெளியிட்டது. 223 சி.சி., காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர், நூறு கிலோவைக் கொஞ்சம் தாண்டுகிற எடை, முன்னுக்கு 21 அங்குலச் சில்லு. ஸ்கூட்டரின் குட்டிச் சில்லு விழுந்து சிக்குகிற குழியில் இந்தச் சில்லு ஏறிப் போய்விடும். மெதுவாக, பாரத்தோடு, கல்லுப் பாதையில் ஏறுவதற்காகச் செய்த பைக் இது. தோட்டப் பாதைகளுக்கு இதைவிடப் பொருத்தமானது எது?

2022இல் கியூ.ஆர். வந்தபோது பைக்குக்கு வாரத்துக்கு 4 லீட்டர்தான். அந்த 4 லீட்டரில் வேலைக்கும் வைத்தியசாலைக்கும் போய் வந்த குடும்பங்கள் எத்தனை? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் பாதைகள் மண்ணுக்குள் போனபோது, லொறி நின்ற இடத்துக்கு அப்பால் மருந்தும் பால்மாவும் கொண்டுபோனவர்கள் யார்? இன்று "காவாலிகள்" என்று நாம் திட்டுகிற அதே பொடியன்கள்தான். அன்று துஆ செய்தோம், இன்று விரட்டச் சொல்கிறோம்.

அப்படியென்றால் பிரச்சினையே இல்லையா? இருக்கிறது. பைக்கைக் கொண்டுவந்த பிறகு அதற்குச் செய்கிற வேலைகளில் இருக்கிறது.

ஒன்று, சைலன்சர். வெட்டினால் "புல்லிங்" கூடும் என்று சொல்லிக் கொடுப்பது யார்? காபரேட்டரைச் சரிசெய்யாமல் சைலன்சரைத் திறந்தால் பெற்றோல் கலவை மெலிந்து இஞ்சின் சூடாகும். கூடுவது சத்தம் மட்டும். அந்தச் சத்தம் போய் விழுவது விடியற்காலையில் எழும்பிப் பெரட்டுக்குப் போக வேண்டிய தாய்மாரின் லயத்தில். அயலவருக்குத் தொல்லை கொடுக்காதே என்று மிம்பரில் கேட்டுவிட்டு வந்து இரவு பதினொரு மணிக்கு அவர்களின் வாசலில் அக்ஸிலேட்டரை முறுக்குவது என்ன தீன்?

இரண்டு, டயர். பெரிய கட்டை டயர் சேற்றுக்கு உரியது. நனைந்த தார் ரோட்டில் அதன் பிடி குறைவு. றம்பொடை வளைவுகளில் மழையும் பனியும் இல்லாத நாள் எத்தனை? 2025 மே 11ஆம் திகதி கெரண்டி எல்லயில் பஸ் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் மவுத்தானார்கள். இந்த ரோட்டு யாருக்கும் இரண்டாவது சந்தர்ப்பம் கொடுக்காது.

மூன்று, லைட். பனிக்குள் வெள்ளை எல்.ஈ.டி. பாரைப் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு ஓட்டுகிறவனின் கண்ணுக்கே திரும்பி வரும், எதிரே வருகிறவருக்கும் கண் கூசும். "அழகுக்கு" கண்ணாடிகளையும் கழற்றி விடுகிறார்கள். பின்னால் வரும் பஸ்ஸை எதில் பார்ப்பது?

நான்கு, புத்தகம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனிப்பட்ட பாவனைக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் பழைய பைக்குகளுக்கு ஏறிய விலையில், உதிரிப்பாகமாக வந்ததைப் பொருத்தி வேறொரு பைக்கின் நம்பரைப் போட்டு விற்கிற கூட்டம் வளர்ந்தது. சேஸ் நம்பரும் இஞ்சின் நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போகாத பைக்கில் ஒருவரை மோதினால் காப்புறுதி கையை விரித்துவிடும். அடிபட்டவரின் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

ஐந்து, தேயிலை மலை. வாரக் கடைசியில் மலைக்குள் புகுந்து வீடியோ எடுக்கிறார்கள். அது வெறும் காடு அல்ல, கொழுந்து பறிக்கிறவர்களின் வேலைத்தலம். சில்லு ஏறிக் கான் உடைந்தால் மழைத்தண்ணி திசைமாறி மண்ணை அரிக்கும், கீழே இருப்பது லயம். மண்சரிவு என்றால் என்னவென்று கொத்மலையில் இருக்கிற நமக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

இதற்கெல்லாம் பொடியனை மட்டும் கூண்டில் ஏற்றுகிறவர்களிடம் கேட்கிறோம். 16 வயது மகனுக்கு வெளிநாட்டிலிருந்து பைக்குக்குக் காசு அனுப்பிய வாப்பா யார்? லைசனுக்கு 18 வயது வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? "மகன் கேட்டு அழுதான்" என்கிற உம்மாவிடமும் கேட்கிறோம்: ஜனாஸா வீட்டில் அழுவதைவிட அது பெரிய அழுகையா? சைலன்சரை வெட்டிக் கொடுத்துக் காசு வாங்கிய கராஜ்காரர் யார்? நம்பர் மாற்றிய பைக்கை விற்ற நானா யார்? இவர்களும் முதல் ஸப்பில்தான் நிற்கிறார்கள். இவர்களை ஜமாஅத்துக்குக் கூப்பிட்ட செய்தி எதுவும் எங்கள் காதில் விழவில்லை.

பாதையில் கிடக்கும் தொல்லையை எடுத்துப் போடுவதையே ஈமானின் ஒரு பங்காக்கிய மார்க்கம் நம்முடையது. பாதைக்குத் தொல்லையைக் காசு கொடுத்துச் செய்விப்பதற்கு அதில் எங்கே இடம்?

பைக்கை மாற்றவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பின் ஸ்ப்ரொக்கட்டில் ஒன்றிரண்டு பல் கூட்டுங்கள், ஏற்றத்தில் இழுக்கும், வேகமும் குறையும். இஞ்சினுக்கு அடியில் தகடு, கைக்குக் காவல், பின்னுக்குக் கெரியர், நல்ல பிரேக் பேட், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர். இவை பிரயோசனமான வேலைகள். புகை, சத்தம், கலர் லைட்டுக்கு எதிராக 2025 ஜனவரியில் பொலிஸ் இறங்கியபோது எல்லோரும் முறைப்பட்டார்கள். பொலிஸ் வந்து கழற்றும் வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்?

பள்ளி நிர்வாகத்திடம் கேட்பது மூன்று. லைசன் இல்லாத பிள்ளைக்குப் பைக் வாங்கிக் கொடுக்கும் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். நமது கராஜ்காரர்களிடம், சைலன்சர் வெட்டுவதில்லை என்று வாக்கு வாங்குங்கள். லைசன் உள்ள ட்ரெயில் பைக் பொடியன்களின் பெயர்களை எழுதி, அடுத்த மழைக்கு முன் ஓர் உதவி அணி அமையுங்கள். பொறுப்புக் கொடுத்தால் பொறுப்பாக நடப்பார்கள் என்பதை டித்வா நாட்களில் கண்ணால் கண்டோம்.

உடன்படாதவர்கள் கமென்டில் எழுதுங்கள், பதில் தருகிறோம். திட்டுவதென்றால் பொடியனின் பெயரைப் போடாமல் திட்டுங்கள். அவனும் நமது பிள்ளைதான்.