ஞானத்தாயின் பெயர்



சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை கடலூரில் பேருந்தேறிச் சிதம்பரம் சென்றேன். நான் பேசுவதற்காகச் செல்லவில்லை. பிறர் பேசக் கேட்பதற்காகச் சென்றேன். அண்ணாமலை நகரில் இளைஞர் சிலர் மாதம் இருமுறை கூடி மேடைப் பேச்சுப் பயில்கின்றனர். அமெரிக்காவில் ரால்ப் ஸ்மெட்லி என்பவர் 1924-இல் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களின் முறையையே இவர்களும் பின்பற்றுகின்றனர். பேசுபவருக்கு ஏழு நிமிடம். நேரம் நெருங்க நெருங்கப் பச்சை, மஞ்சள், சிவப்பு என அட்டைகள் உயரும். பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து நிறைகுறைகளை எடுத்துரைப்பார். அரை மணி நேரம் மறையுரையாற்றிப் பழகிய எனக்கு அந்தச் சிவப்பு அட்டை நல்லதொரு தவமுயற்சியாகத் தோன்றிற்று!

அன்றைய பொருள், "என் முன்னோர்." பேச இருந்தவர்களுள் ஒருத்தி என் பங்கைச் சேர்ந்த இளம் ஆசிரியை. அவள் என்ன பேசப் போகிறாள் என்பது எனக்குத் தெரியும். அதனாலேயே என் உள்ளம் அமைதியின்றி இருந்தது.

மூன்று மாதங்களுக்கு முன் அவள் பங்கு இல்லத்துக்கு வந்து, "சாமி, எங்கள் குடும்ப வரலாற்றைத் தேட வேண்டும்" என்றாள். தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் கும்பினியாருக்குத் துபாசியாக இருந்தவரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அவ்வீட்டாரின் நம்பிக்கை. அவளுடைய தாத்தா அதைச் சொல்லாத நாளில்லை.

பழைய ஏடுகளை எடுத்தேன். தாத்தாவின் திருமுழுக்குப் பதிவில் அவருடைய தந்தையின் பெயர் இருந்தது. அத்தந்தையின் பதிவிலிருந்து பாட்டனாரின் பெயர் கிடைத்தது. பாட்டனாரின் திருமணப் பதிவிலோ, தந்தை பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. திருமுழுக்குப் பெற்ற நாள் மட்டும் குறிக்கப்பட்டிருந்தது. அந்த நாளைத் தேடிச் சென்றோம். ஆண்டு 1877. பூச்சி அரித்த தாளில் இலத்தீன் மொழியில் நான்கே வரிகள். ஏறக்குறைய இரண்டு வயது ஆண் குழந்தை, பெற்றோர் அறியப்படாதோர், ஞானத்தாய் இன்னார் என்று ஒரு பெண்ணின் பெயர்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இலட்சக்கணக்கானோர் பசியாலும் கொள்ளை நோயாலும் மடிந்தனர். வழியில் விடப்பட்ட குழந்தைகள் எத்தனையோ. அவற்றுள் ஒன்றே இக்குழந்தை. துபாசியும் இல்லை, கோட்டையும் இல்லை.

நான் அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "அம்மா, உன் அக்காளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் குலம் கோத்திரம் பார்க்கிறவர்கள். இது நம்மோடு இருக்கட்டும்" என்றேன். விவேகம் என்று எண்ணித்தான் சொன்னேன். அவள் மறுமொழி கூறாமல் சென்றுவிட்டாள்.

அன்று மாலை அவள் மேடையேறி எல்லாவற்றையும் சொன்னாள். முன்வரிசையில் தாத்தா அமர்ந்திருந்தார். "பெற்றோர் அறியப்படாதோர்" என்று அவள் கூறியபோது அவர் தலை குனிந்தது. மஞ்சள் அட்டை உயர்ந்தது. பிறகு அவள் அந்த ஞானத்தாயின் பெயரைச் சொன்னாள். அது அவளுடைய பெயரே! தாத்தாவின் தமக்கைக்கும், அத்தைக்கும் அதே பெயர். தலைமுறைக்கு ஒரு பெண்ணுக்கு அப்பெயரை இட்டு வந்தார்கள். ஏனென்று யாருக்கும் தெரியாது. "துபாசியை மறக்காமல் இருந்தோம். எங்களைத் தூக்கி எடுத்தவளை, அறியாமலேயே மறக்காமல் இருந்திருக்கிறோம்" என்று முடித்தாள். சிவப்பு அட்டையை உயர்த்த வேண்டிய இளைஞர் அதை மறந்துவிட்டார்.

முதியவர் தடியூன்றி எழுந்தார். "சபையில் இதைச் சொல்லியிருக்க வேண்டாம்" என்றார். சற்று நின்று, "இந்தப் பெயர் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று என் அப்பா சொல்வார். காரணம் சொன்னதில்லை" என்றார். அதற்குமேல் அவரால் பேச இயலவில்லை.

கல்யாணப் பேச்சு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அது இன்னும் முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கின்றனர். அவர்கள் நல்ல கிறிஸ்தவர்கள், செபிக்கிறேன்.

முடிவற்ற தலைமுறை அட்டவணைகளில் மூழ்க வேண்டாமென்று புனித பவுல் திமொத்தேயுவை எச்சரித்தார். குலப்பெருமை பேசுவதற்காகத் தேடுவோருக்கு அது தக்க எச்சரிக்கை. ஆனால் புனித மத்தேயு தம் நற்செய்தியை ஒரு தலைமுறை அட்டவணையோடுதானே தொடங்குகிறார்? அதில் தாமாரையும், இராகாபையும், புறவினத்தவளான ரூத்தையும், உரியாவின் மனைவியையும் அவர் மறைக்கவில்லை. ஆண்டவரின் வம்சத்திலேயே மறைக்கப்படாததை நாம் ஏன் மறைக்க வேண்டும்? இக்கேள்வியை முதலில் என்னிடமே கேட்டுக்கொண்டேன்.

1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம், பங்குத் தந்தையர் திருமணப் பதிவேடு வைத்திருக்கவும், திருமுழுக்கில் ஞானப்பெற்றோரின் பெயரைக் குறிக்கவும் கட்டளையிட்டது. ஞான உறவுக்குள் மணம் நேராதிருக்கவே அவ்விதி. அது செய்த மற்றொரு நன்மையை அன்று மாலை கண்டேன். பெற்றவள் பெயர் அழிந்தது. ஏந்தியவள் பெயர் நிலைத்தது.

உங்கள் முன்னோரை அறிய விரும்பினால், முதலில் வீட்டு முதியோரிடம் கேட்டு இன்றே எழுதிக் கொள்ளுங்கள். பங்கின் பெயர், ஏறக்குறைய எந்த ஆண்டு, தந்தையின் பெயர், ஞானப்பெற்றோரின் பெயர் ஆகியவற்றோடு பங்குத் தந்தையை அணுகுங்கள். நம் மக்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. புனிதர் பெயர்களோ திரும்பத் திரும்ப வரும். ஆகவே ஒரு பெயரை மட்டும் கண்டு இவர்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் உறுதிப்பூசுதல், திருமணம் பற்றிய குறிப்புகளும் இருக்கும். கல்லறைகளையும் பாருங்கள். ஏடுகளைப் பொறுமையோடு புரட்டுங்கள். பழைய ஏடுகளைக் கருத்தாய்ப் பாதுகாக்க வேண்டுமென்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் பணிக்கிறது. 2004-இல் ஆழிப்பேரலையும் 2011-இல் தானே புயலும் கண்ட நம் கடற்கரையில் இக்கடமை இன்னும் பெரிது.

நவம்பர் 2-ஆம் நாள் இறந்தோர் அனைவரையும் நினைக்கிறோம். திருப்பலிக்குப் பெயர் கொடுக்கும்போது, உங்கள் குலத்தில் பிறவாதிருந்தும் உங்கள் குலத்தைக் காத்தவர் எவரேனும் உண்டா என்று எண்ணிப் பாருங்கள். அந்த முதியவர் இம்முறை ஒரு பெயரைக் கூடுதலாக எழுதித் தந்திருக்கிறார். சீட்டில் உறவு என்ற இடத்தில், நடுங்கும் கையால், "எங்கள் தாய்" என்று எழுதியுள்ளார்.