காலாவதித் திகதியை எழுதினது ஆர்?

கிறீம் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு திகதி இருக்கும். உற்பத்தி இன்ன மாதம், முடிவு இன்ன மாதம். நாங்கள் அதைச் சத்தியம் மாதிரி நம்புகிறோம். திகதி தாண்டினால் எறிகிறோம் (எறிய மனமில்லாவிட்டால் குதிக்காலுக்குப் பூசுகிறோம்), தாண்டாவிட்டால் முகத்துக்குப் பூசுகிறோம். அந்தத் திகதி எங்கிருந்து வந்தது, என்ன செய்து கண்டுபிடித்தார்கள், ஆர் அதைச் சரிபார்த்தது என்று கேட்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. கேட்டால் கோபப்படுகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்: இறக்குமதிக் கிறீம் விற்கிறவர்கள், 'சுத்த இயற்கை' விற்கிறவர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் திகதி பிறக்கிற கதை. ஒழுங்காகச் செய்கிற கம்பனி, சந்தைக்குப் போகப்போகிற அதே போத்தலில், அதே மூடியோடு, கிறீமை அடைத்து வேறு வேறு வெப்பநிலையில் வைக்கும். ஒரு பகுதி குளிர்சாதனப் பெட்டியில், ஒரு பகுதி 25 பாகை அறையில், ஒரு பகுதி 40 பாகை அடுப்பில், ஒரு பகுதி வெயில் படுகிற யன்னலோரம். கிழமைக் கணக்கில், மாதக் கணக்கில் எடுத்துப் பார்ப்பார்கள். நிறம் மாறினதா, மணம் மாறினதா, எண்ணெயும் தண்ணீரும் பிரிந்து நிற்குதா, அமிலத்தன்மை எவ்வளவு, தடிப்பு எவ்வளவு, போத்தலின் நிறை குறைந்ததா. 40 பாகையில் 3 மாதம் தாக்குப்பிடித்தால் சாதாரண அறையில் ஏறக்குறைய 2 வருடம் இருக்கும் என்று மதிப்பிடுவது அந்தத் தொழிலில் வழக்கம். அப்படித்தான், 2 வருடம் காத்திருக்காமலே, 2 வருடத் திகதி அச்சாகிறது. பிறகு உண்மையான 2 வருடமும் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், மதிப்பீடு சரியா பிழையா என்று பார்க்க. பொறுமையில்லாத கம்பனி இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடும்.

இன்னொரு பரிசோதனை இருக்கு. எங்களுக்குப் பிடித்ததும் அதுதான். கிறீமுக்குள் வேண்டுமென்றே கிருமியைப் போடுவது. ஐஎஸ்ஓ 11930 என்ற நியமம் ஐந்து கிருமிகளைச் சொல்கிறது: ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ், சூடோமோனாஸ் எருஜினோசா, ஈ.கோலை, கன்டிடா அல்பிகன்ஸ், அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சை. ஒவ்வொன்றையும் கலந்து வைத்து 7ஆம், 14ஆம், 28ஆம் நாட்களில் எத்தனை உயிரோடு இருக்கு என்று எண்ணுவார்கள். கிறீமில் உள்ள பாதுகாப்புப் பொருள் வேலை செய்தால் எண்ணிக்கை விழ வேண்டும். ஏன் இந்தக் கொடுமை? ஏனென்றால் நாங்கள் செய்வதும் அதுதான். சமைத்த கை, பிள்ளையைத் துடைத்த கை, பஸ் கம்பியைப் பிடித்த கை, ஒவ்வொரு நாளும் அந்த டப்பாவுக்குள் போய் வருகிறது.

இனி வெருகலுக்கு வருவோம்.

திகதிக் கணக்கில் வருகிற 'சாதாரண அறை' 25 பாகை என்று சொன்னோமே, திருகோணமலை மாவட்டத்தில் 25 பாகை என்பது விடியப்புறம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பகல் 34, 35 பாகைக்குப் போகும், அதுவும் நிழலில். வெருகலில், ஈச்சிலம்பற்றில், தகரக் கூரை போட்ட கடையின் மேல்தட்டில் எவ்வளவு இருக்கும் என்று ஒருக்கால் வெப்பமானி வைத்துப் பாருங்கள். கொழும்பில் இருந்து லொறியில் வந்து, ரவுணில் ஒரு மொத்தக் கடையில் கிடந்து, கிண்ணியா மூதூர் தாண்டி, ஏ15 வீதி நெடுக வெயிலில் கொதித்து வருகிற பெட்டி அது. சித்திரவேலாயுத சுவாமி கோயில் திருவிழாவுக்குப் போடுகிற காப்புக் கடைகளில் தறப்பாளுக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிற லிப்ஸ்ரிக், கண்மை, பவுண்டேசன் எல்லாம் எத்தனை திருவிழா பார்த்தவை என்று கடைக்காரருக்கே தெரியாது.

10 பாகை கூடினால் இரசாயன மாற்றத்தின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று உயர்தரத்தில் படித்திருப்பீர்கள். பரீட்சைக்குப் பிறகு அந்தக் கணக்கைப் பாவிக்க இதுதான் சந்தர்ப்பம். 25 பாகைக்கு 2 வருடம் என்று எழுதின திகதி 35 பாகையில் பாதியாகலாம். எல்லாப் பொருளும் இந்தக் கணக்குக்கு அப்படியே கட்டுப்படாது. சிலது இன்னும் கெதியாகக் கெடும், சிலது அசையாது. விற்றமின் சி சேர்த்த சீரம் பழுப்பாகும். எண்ணெய் சிக்கு மணம் அடிக்கும். சன்ஸ்கிறீமில் வெயிலைத் தடுக்கிற பொருள் சிதைந்தால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளையாய், மணமாய், அப்படியே இருக்கும், வெயிலை மட்டும் விட்டுவிடும். வயல் வேலைக்குப் போகிற அக்கா ஒருத்தி காசு சேர்த்து வாங்கின சன்ஸ்கிறீமில் நடப்பது இதுவென்றால் அதைத் திருட்டு என்றுதான் சொல்வோம்.

"காலாவதியான கிறீமால ஆர் செத்தது?" என்று கேட்பார்கள். கேள்வியை அப்படி வைத்தால் பதில் சுலபம். கண்ணைக் கேளுங்கள். 1970களிலேயே அமெரிக்கக் கண் வைத்தியர்கள், சூடோமோனாஸ் கிருமி வளர்ந்த மஸ்காராவால் கருவிழியில் புண் வந்த ஆட்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தூரிகை கருவிழியில் சின்னதாய்க் கீறினால் போதும், கிருமி உள்ளே போய்விடும். கண்ணுக்கும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குமான பொருட்களில் ஒரு கிராமில் 100 கிருமிக்கு மேல் இருக்கக்கூடாது, மற்றவற்றில் 1000 வரை போகலாம் என்று ஐஎஸ்ஓ 17516 பிரித்து வைத்திருப்பது சும்மா இல்லை. எங்கள் ஊர்களில் ஒரே மஸ்காராத் தூரிகை கலியாண சீசன் முழுக்க எத்தனை மணப்பெண்ணின் கண்ணுக்குப் போகிறது? இதை அலங்காரம் செய்கிற அக்காமாரைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பயிற்சிநெறி நடத்துகிறவர்கள் புருவம் எடுக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள், டப்பாவில் இருக்கிற திறந்த மூடிப் படத்தைச் சொல்லிக் கொடுப்பதில்லை. அந்தப் படத்துக்குள் 6 அல்லது 12 என்று எழுதியிருக்கும்: திறந்து அத்தனை மாதத்துக்குள் பாவித்து முடி என்று அர்த்தம். ஐரோப்பியச் சட்டப்படி 30 மாதத்துக்கு மேல் இருக்கக்கூடிய பொருளுக்கு முடிவுத் திகதி அச்சடிக்கத் தேவையில்லை, இந்தப் படம் போதும். 'வெளிநாட்டுச் சாமானுக்குக் காலாவதியே இல்லை' என்று கடைக்காரர் சொல்லுகிற கதை இங்கிருந்துதான் முளைத்தது.

இப்போது 'சுத்த இயற்கை' ஆட்களிடம் வருகிறோம். பேஸ்புக்கிலும் ரிக்ரொக்கிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் கற்றாழை ஜெல், பீற்றூட் லிப் பாம், குங்குமப்பூக் கிறீம் விற்கிறார்கள். "அக்கா, இது எத்தினை மாசம் இருக்கும்?" என்று கேட்டால், "கெமிக்கல் ஒண்டும் போடேல்ல தங்கச்சி, பயப்படாமப் பாவிங்க" என்று பதில் வரும். கேட்டது ஒன்று, பதில் வேறொன்று. கெமிக்கல் போடாதபடியால்தானே பயம்! கற்றாழைச் சாற்றில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரும் கொஞ்சம் இனிப்பும் 32 பாகைச் சூடும் கிடைத்தால் கிருமிக்கு அது திருவிழாச் சாப்பாடு. சோடியம் பென்சோயேற்று ஒரு சிட்டிகை போடுவதாகச் சொல்கிறவர்களும் உண்டு. அது அமிலத்தன்மையில் மட்டும் வேலை செய்கிற சாமான். சவர்க்காரத் தன்மையுள்ள கலவையில் போட்டால் போட்டதும் போடாததும் ஒன்று. பிஎச் பார்க்கிற தாள் ஒன்று இல்லாமல் இதையெல்லாம் கைக்கணக்கில் செய்கிறார்கள்.

இன்னும் வேடிக்கை, இவர்கள் சித்தர்களைத் துணைக்குக் கூப்பிடுவது. சரி, சித்தர்களையே கேட்போம். சித்த மருத்துவம் மருந்துகளை வடிவத்தால் பிரித்து ஒவ்வொரு வடிவத்துக்கும் ஆயுள் சொல்லியிருக்கிறது. சாறு, குடிநீர், கற்கம் போன்றவற்றுக்கு ஒரு சாமம், அதாவது 3 மணித்தியாலம். சூரணத்துக்கு 3 மாதம். எண்ணெய்க்கு ஒரு வருடம். செந்தூரத்துக்கு 75 வருடம். பட்டியலைப் பாருங்கள்: தண்ணீர் கூடக்கூட ஆயுள் குறைகிறது. இன்றைய ஆய்வுகூடம் கிருமி எண்ணிச் சொல்வதை அவர்கள் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். 3 மணித்தியாலம் என்று சொன்ன சாற்றைப் போத்தலில் அடைத்து, தபாலில் போட்டு, 'சித்தர் முறைப்படி' என்று லேபிள் ஒட்டி, 6 மாதம் பாவிக்கலாம் என்று விற்பவர் எந்தச் சித்தரைப் படித்தார்? காலாவதி என்பது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த பயம் என்று பேசுகிறவர்கள் தங்கள் சொந்த மரபையே திறந்து பார்க்காதவர்கள்.

வெள்ளையாக்கும் கிறீம்களை இதில் விட முடியாது, ஆனால் அது வேறு கதை. பாதரசம் போட்ட கிறீம் கெடவே கெடாது. பாதரசச் சேர்மங்கள் ஒரு காலத்தில் கிருமி கொல்லும் பாதுகாப்புப் பொருளாகவே பாவிக்கப்பட்டவை. வருடக் கணக்கில் அழகாய் இருக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நிலைத்து நிற்பதும் பாதுகாப்பாய் இருப்பதும் இரண்டு வேறு கேள்விகள் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. இலங்கை 2017இல் மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்தது. அந்த உடன்படிக்கை பாதரச ஒப்பனைப் பொருட்களை நிறுத்தச் சொல்கிறது. கடைத்தட்டு இன்னும் அந்த உடன்படிக்கையை வாசிக்கவில்லை.

சட்டத்துக்கு வருவோம். இந்த நாட்டில் 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருந்தது. ஒப்பனைப் பொருட்கள், சாதனங்கள், மருந்துகள் மூன்றும் அதன் பெயரிலேயே இருந்தன. 2015ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டம் வந்து அதை நீக்கியது, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை உருவாக்கியது. புதிய சட்டம் மருந்தைப் பார்க்கிறது, மருத்துவச் சாதனத்தைப் பார்க்கிறது, மருந்தா இல்லையா என்று சந்தேகமான எல்லைக்கோட்டுப் பொருட்களைப் பார்க்கிறது. சாதாரண முகக் கிறீம்? பழைய சட்டத்தின் முதல் சொல் புதிய சட்டத்தில் கழன்று விழுந்துவிட்டது. மிஞ்சியிருப்பது பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம். அவர்கள் கடைக்கு வந்தால் அச்சடித்த திகதி தாண்டிவிட்டதா என்று பார்க்கலாம். அச்சடித்த திகதி உண்மையா என்பதைக் கடை வாசலில் நின்று எப்படிப் பார்ப்பது? பணிஸில் பூஞ்சை பிடித்தால் பிஎச்ஐ வருவார், உணவுச் சட்டம் இருக்கு. கிறீமில் பூஞ்சை பிடித்தால் கடைக்காரர் மூடியைத் துடைத்து வைப்பார். 2022இல் ஒப்பனைப் பொருட்கள் உட்பட நூற்றுக்கணக்கான சாமான்களின் இறக்குமதியை நிறுத்தினார்களே, அந்தக் காலத்தில் தட்டில் கிடந்த பழைய சரக்கு எப்போது விற்று முடிந்தது என்று யாராவது கணக்கெடுத்தார்களா?

பக்கத்து இந்தியா 2020இல் ஒப்பனைப் பொருட்களுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. வழக்குப் போட ஒரு விதியாவது இருக்கு.

ஆனால் சட்டம் வேண்டும் என்று கத்தும்போது எங்களுக்கு ஒரு பயமும் இருக்கு. சட்டம் வந்தால் முதலில் விழுவது ஆர்? கொழும்புக் கம்பனியா? மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பத்துப் பேர் சேர்ந்து தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரமும் கறிவேப்பிலை எண்ணெயும் செய்கிற எங்கள் அக்காமாரா? சுனாமி, 2006 இடப்பெயர்வு, நுண்கடன் எல்லாம் தாண்டி வந்த கைகள் அவை. பரிசோதனைக்குக் கொழும்பில் உள்ள ஆய்வுகூடத்துக்குப் போ, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகக் கட்டு என்றால், அடுத்த நாளே கடையை மூடுவார்கள். சுயதொழில் என்று பயிற்சி கொடுத்து, சான்றிதழ் கொடுத்து, படம் எடுத்துப் போகிற திட்டங்கள் ஒன்றுகூட 'இது எத்தனை நாள் இருக்கும்' என்ற கேள்விக்குப் பணம் ஒதுக்கினதை நாங்கள் காணவில்லை. அச்சு வாங்கக் காசு இருக்கு, லேபிள் அடிக்கக் காசு இருக்கு, லேபிளில் எழுதுகிற திகதியைக் கண்டுபிடிக்கக் காசு இல்லை.

எங்களிடம் பெரிய கனவு ஒன்றும் இல்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் பிரயோக விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள், சித்த மருத்துவமும் படிப்பிக்கிறார்கள். வேறெங்கும் தேடத் தேவையில்லாத சோடி அது. 40 பாகையில் நிற்கிற ஒரு அடுப்பு, ஒரு பிஎச் மானி, கிருமி வளர்த்து எண்ணுகிற தட்டுகள், ஒரு குளிர்சாதனப் பெட்டி, இறுதி வருட மாணவர்கள் நாலு பேர். வெருகல், மூதூர், சேருவில் சங்கங்களின் பொருட்களை வருடத்துக்கு இரண்டு தரம் வாங்கி வைத்துப் பார்த்துத் திகதி சொல்லலாம். ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு இல்லை என்று அலைகிற மாணவர்களுக்கும் நல்லது. பிரதேச செயலகம் சுயதொழில் நிதியில் இதற்கு ஒரு வரி போடட்டும்.

அதுவரைக்கும் சங்கத்து அக்காமாருக்கு நாங்கள் சொல்லக்கூடியது: தண்ணீர் இல்லாத சாமானில் இருந்து தொடங்குங்கள். எண்ணெய், சவர்க்காரம், உலர்ந்த பொடி. அவற்றில் கிருமி சுலபமாய் வளராது, சிக்கு மணம் வந்தால் மூக்கே சொல்லும். பொடியைக் குளியலறையில் வைக்க வேண்டாம் என்று லேபிளில் எழுதுங்கள். ஜெல் செய்யத்தான் வேண்டுமென்றால் சின்னப் போத்தல், குளிர்சாதனப் பெட்டி, ஒரு கிழமை. செய்த திகதியைப் பேனையால் என்றாலும் எழுதுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு போத்தலை விற்காமல் தகரக் கூரைக்குக் கீழேயே வைத்து மாதம் ஒருக்கால் திறந்து பார்த்துக் கொப்பியில் குறித்து வையுங்கள். 40 பாகை அடுப்புக்குக் கொழும்பு ஆட்கள் காசு கொடுக்கிறார்கள், கச்சான் காலத்தில் எங்களுக்கு அது கூரைக்குக் கீழே சும்மா கிடைக்கிறது.

வாங்குகிற உங்களுக்கு: திகதிக்கு மேல் வேறு ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கீழே இன்னொரு திகதி இருந்தால் படம் எடுத்து, பில்லையும் வைத்துக்கொண்டு, 1977க்கு அழையுங்கள். பில் தர மாட்டேன் என்றால் அதையும் சொல்லுங்கள்.