தேநீர் விருப்பமும் தேயிலை வாணிகமும்

நம் மாணவருலகில் தேநீரை வெறுப்போர் மிகச் சிலரே. தேர்வுக்கு முந்திய இரவுகளில் நூலுக்கு அடுத்தபடியாக நம் மேசைமீது வீற்றிருப்பது தேநீர்க் குவளையே என்பதை ஆசிரியப் பெருமக்களும் அறிவர். இவ்விருப்பமுடையாருள் ஒரு சிலர், ‘பட்டம் பெற்றபின் அலுவல் தேடி அலைவதினும், நாம் விரும்பும் தேயிலையையே விற்று வாழ்ந்தால் என்?’ என்று உரையாடக் கேட்டிருக்கின்றோம். இதனைக் கேட்ட மாத்திரத்தே நகைத்துத் தள்ளுவோர் உளர். ஆராயாது புகழ்ந்து ஊக்குவோரும் உளர். இவ்விரு சாராரோடும் நமக்கு உடன்பாடில்லை. எண்ணம் நன்று, ஆயினும் விருப்பம் ஒன்றே முதலாகாது. பெரிய நிறுவனங்களோடு விலையில் போட்டியிடச் சிறு வணிகனால் இயலாது. அவன் நிலைபெறுதற்குரிய வழி, தான் விற்கும் இலை எம்மலையில், எத்திங்களில், எவர் ஆலையில் ஆயிற்று என்பதைத் தானே அறிந்து, அதனை மறையாது கூறுதலே என்பது நம் கருத்து.

முதற்கண் நகைப்போர்க்கு ஒரு சொல். தமிழ் கற்றவன் தராசு பிடித்தல் தாழ்வு என்பது நம்முள் சிலர் கொள்கை. மணிமேகலை பாடிய சாத்தனாரை நம் முன்னோர் கூலவாணிகன் என்று அடைகொடுத்தே வழங்கினர். பட்டினப்பாலையின் ஆசிரியர் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைச் சிறப்பிக்குமிடத்து, அவர்தம் செல்வத்தோடு நில்லாது, அளவில் பிழையாத அவர் நேர்மையையும் எடுத்தோதுகின்றார். இவற்றையெல்லாம் வினாத்தாளில் எழுதி மதிப்பெண் பெறும் நாமே வாணிகத்தை இழிவென்பது வியப்பாயிருக்கின்றது.

இனி, புகழ்வோரை நோக்குவோம். தேநீரால் பெரும்பொருள் ஈட்டியவர் பெயர்களை இவர்கள் அடுக்கிக் கூறுவர். அவர்தம் வரலாறுகளை ஊன்றிப் பார்ப்பின், தேநீரின்மேல் கொண்ட காதலே அவரை உயர்த்திற்று என்று சொல்ல இடமில்லை. தாமஸ் ட்வைனிங் என்பார் 1706-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஒரு காப்பிக்கடையை விலைக்கு வாங்கி, அங்கே தேநீரையும் வைத்தார். அக்காலத்தில் காப்பிக்கடைக்குள் பெண்டிர் புகும் வழக்கமில்லை. 1717-இல் அவர் உலர்ந்த தேயிலையை நிறுத்து விற்கும் கடையைத் திறந்தபோது, வீட்டுத் தலைவியர் அங்கே வந்து வாங்கிச் செல்லலாயினர். அவர் கண்டது புதுச்சுவையன்று. வாங்க விரும்பியும் வாங்க வழியில்லாதிருந்த ஒரு கூட்டத்தாரை. ஸ்ட்ராண்ட் என்னும் தெருவில் அக்கடை இன்றும் உளது.

தாமஸ் லிப்டனோ 1871-இல் கிளாஸ்கோ நகரில் மளிகைக் கடைக்காரராய்த் தொடங்கினவர். தேயிலைக்கு அவர் வந்தது ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்தே. 1890-இல் இலங்கைக்குச் சென்று தோட்டங்களை வாங்கி, இடைத்தரகரை விலக்கி, நிறை குறித்த பொதிகளாகக் கட்டி விற்றார். அவ்வவ்வூர்த் தண்ணீருக்குப் பொருந்துமாறு இலையைக் கலந்து தருவதாக விளம்பரமும் செய்தார். இவ்விளம்பரத்தைக் குறித்துப் பின்னர்ப் பேசுவோம். அத்தோட்டங்களில் கொழுந்து பறித்த கைகள், நம் நாட்டிலிருந்து கடல் கடந்து சென்ற தமிழர் கைகள் என்பதைப் புகழ்வோர் பெரும்பாலும் சொல்ல மறந்துவிடுகின்றனர்.

ஆகவே, பருகி இன்புறுதல் வேறு, இலையை அறிதல் வேறு. தேநீரைச் சுவைக்கக் கற்பதற்கு மிகுந்த பொருள் வேண்டா. இரண்டு கிராம் இலைக்கு நூறு மில்லி லிட்டர் கொதிநீர் என்ற அளவில் வார்த்து, ஆறு நிமிடம் மூடிவைத்து, வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் வடித்து, பாலும் சருக்கரையுமின்றிச் சுவைத்தல் உலகோர் உடன்பட்ட ஒரு முறை. தேர்ந்த சுவைஞர் அதனைக் கரண்டியால் எடுத்து ஒலியெழ உறிஞ்சுவர். பந்தியில் இழுக்கெனப்படும் அவ்வொலியே ஈண்டு முறையாம். காற்றோடு கலந்து செல்லும்போதுதான் மணம் மூக்கின் உட்புறத்தை எட்டும். நம் வீடுகளில் பாலும் சருக்கரையும் இஞ்சியும் ஏலமும் கூடி, இலையின் குற்றங்களையெல்லாம் மறைத்துவிடுகின்றன. நாம் விரும்புவது தேயிலையையா, ஏலக்காயையா என்று நம்முள் பலர் இன்னும் ஆராய்ந்து பார்த்ததில்லை!

இலையின் பிறப்பையும் அறிதல் வேண்டும். பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட விரித்துச் சிவக்கவிட்டு, சூடேற்றி உலர்த்தி, சல்லடையில் தரம் பிரிக்கின்றனர். சிவக்கவிடும் நிலையை ஆலைகளில் புளிக்கவைத்தல் என்பர். உண்மையில் அது மாவு புளிப்பது போன்றதன்று, இலைச்சாறு உயிர்வளியோடு கூடி மாறுவதே. அம்மாற்றத்தை முதலிலேயே சூட்டால் நிறுத்திவிட்டால் பச்சைத் தேயிலையாகும். செடி ஒன்றே. பொதிகளின்மேல் காணும் ஆங்கில எழுத்துக் குறிகளைச் சிறப்பின் அடையாளமென்று பலர் மயங்குகின்றனர். அவை பெரும்பாலும் இலைத்துண்டின் அளவையும் தோற்றத்தையுமே குறிப்பன. நம் நாட்டுத் தேநீர்க் கடைகளில் பயன்படும் தூள், 1930-களில் அஸ்ஸாமில் தோன்றிய நொறுக்கிக் கிழித்துச் சுருட்டும் பொறியின் வழியே வருவது. சாயம் விரைவில் இறங்கும், பாலைத் தாங்கும். முழு இலையாய் உருட்டியது சாயம் குறைந்து மணம் மிகுந்து நிற்கும். ஒன்றை உயர்வென்றும் மற்றதைத் தாழ்வென்றும் கூறுவது அறியாமை. ஆயினும், பால் விட்டுக் காய்ச்சுவோர்க்கு முழு இலையை விற்றுவிட்டு, அவர் சுவை அறியாதவர் என்று குறைகூறும் வணிகனை நாம் ஏற்கமாட்டோம்.

லிப்டனின் விளம்பரத்தை இங்கே நினைவுகூர்தல் தகும். குன்னூர் மலையூற்று நீரில் பொன்னிறமாய் ஒளிர்ந்த தேநீர், சமவெளி ஊர்களின் உப்பேறிய கிணற்று நீரில் மங்கிக் கறுத்து, மேலே ஏடு படிந்து நிற்கும். மலையில் சுவைத்து மயங்கி வாங்கிய இலை, தன் ஊரில் விலைபோகாமை கண்டு வருந்துவோன் இலையைப் பழித்துப் பயனில்லை. எவ்வூரில் விற்கக் கருதுகின்றானோ அவ்வூர்த் தண்ணீரில் முன்னரே வார்த்துப் பார்க்கவேண்டும். இலையோடு தண்ணீரையும் அறிந்து விற்கும் இந்நுட்பம், நாடெங்கும் ஒரே பொதியை அனுப்பும் பெருநிறுவனத்தினும், ஒரே ஊரில் விற்கும் சிறு வணிகனுக்கே எளிதாம்.

நீலகிரி நமக்கு அண்மையில் இருப்பது பெரும்பேறு. அங்கே ஆண்டு முழுவதும் கொழுந்து உண்டாயினும், திசம்பர், சனவரித் திங்கள்களின் குளிரில் மெல்ல வளரும் தளிருக்குத் தனி மணம் உண்டு. முழு இலையாய் உருட்டிய நீலகிரித் தேயிலை புவிசார் குறியீடும் பெற்றுளது. 2006-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு லாஸ் வேகாஸ் நகரில் நடந்த ஏலத்தில், நீலகிரித் தேயிலை ஒன்று கிலோ 600 டாலருக்கு விலைபோயிற்று. இதனைக் கேட்டு எவரும் கனாக் காணவேண்டா. அது ஒருநாள் நிகழ்ச்சி. வாரந்தோறும் நிகழ்வது குன்னூர் ஏலம். 1963-ஆம் ஆண்டு முதல் நடைபெறும் அவ்வேலத்தில் மூட்டை மூட்டையாக வாங்குவோர்க்கே இடமுண்டு; பத்துக் கிலோ தேடும் நம் நண்பர் அங்கே செல்லுதல் வீண். சிறு விவசாயிகளின் கூட்டுறவு ஆலைகளையும், முழு இலை செய்யும் சிறிய ஆலைகளையும் நேரே சென்று காண்பதே அவர்க்குரிய வழி.

இனிக் கணக்கு. தமிழ் மாணவர்க்குக் கணக்கு வேப்பங்காய் என்பர், ஆயினும் பொறுத்தருள்க. பத்துக் கிலோ நல்ல இலையைக் கிலோ 300 ரூபாய் வீதம் வாங்குவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இலைக்கு 3,000 ரூபாய். சுவைத்துப் பார்க்கக் கொடுப்பதும், தூளாய் உதிர்ந்து கழிவதும் ஒரு கிலோ போக, எஞ்சிய ஒன்பது கிலோவை நூறு கிராம் பொதிகளாகக் கட்டினால் 90 பொதிகள். உறையும் சீட்டும் பொதிக்கு 8 ரூபாயாக 720 ரூபாய். வண்டிக்கூலி 400 ரூபாய். ஆகச் செலவு 4,120 ரூபாய். பொதி ஒன்றை 60 ரூபாய்க்கு விற்றால் வரவு 5,400 ரூபாய். மிச்சம் 1,280 ரூபாய். நன்றென்று மகிழ்வதற்குள், ‘எம் கடையில் வைக்கிறோம்; நூற்றுக்கு இருபது எமக்கு’ என்பார் கடைக்காரர். அவர்க்கு 1,080 ரூபாய் போக நம் நண்பர்க்கு எஞ்சுவது 200 ரூபாய். அலைந்த நாட்களுக்குக் கூலி இன்னும் எழுதப்படவில்லை. ஆகவே தொடக்கத்தில் நேரே விற்றலே இயலும். பழைய மாணவர், ஆசிரியர் வீடுகள், செல்பேசி வழி அறிந்தோர் என முப்பது குடும்பங்கள் திங்கள்தோறும் மூன்று பொதி வாங்குவார்களாயின் அந்தத் தொண்ணூறும் செலவாகிவிடும். முப்பது குடும்பங்களைத் தேடிக் கொள்ளாதவன் மூன்று கடைகளைத் தேடுவது கணக்குக்கு ஒவ்வாது.

சேமிப்பிலும் கருத்து வேண்டும். தேயிலை அயல்மணத்தை ஈர்க்கும் இயல்பினது. வெங்காய மூட்டைக்கு அருகே வைத்தால் வெங்காயமே மணக்கும். ஒளியும் ஈரமும் அதன் பகை. மும்மாத விற்பனைக்குமேல் வாங்கிக் குவிப்பது தகாது.

சட்டத்தின் திறத்தையும் சுருங்கச் சொல்லிவிடுவோம். வீட்டிலிருந்து விற்பினும் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். கட்டிய பொதியின்மீது கட்டியவர் பெயர், முகவரி, நிகர நிறை, கட்டிய திங்கள், உச்ச விலை ஆகியவை பொறிக்கப்பட வேண்டும். இவற்றைச் சுமையென்று முணுமுணுப்போர்க்கு ஒரு பழங்கதை. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தேயிலைமேல் வரி மிகுந்திருந்த காலத்தில், வேற்று மரத்திலைகளை உலர்த்திச் சாயமேற்றித் தேயிலையென்று விற்றனர். 1777-இல் அதனைத் தடுக்கச் சட்டமும் செய்தனர். 1784-இல் வரியைக் குறைத்த பின்னரே கள்ள வாணிகம் தளர்ந்தது. இன்றும் மலிந்த தூளில் செயற்கைச் சாயம் கலப்போர் உண்டு. நனைத்த வெள்ளைத் தாளில் சிறிது தூளைத் தூவி வைத்துப் பின் உதறினால், கலப்புள்ள தூள் வண்ணப் புள்ளிகளை விட்டுச்செல்லும். இச்சோதனையை வாங்குவோர் கண்முன்னே செய்துகாட்டும் வணிகனுக்கு வேறு விளம்பரம் வேண்டுவதில்லை. ‘இதனைப் பருகினால் அந்நோய் தீரும், இந்நோய் அணுகாது’ என்று அச்சிடுவோரைக் குறித்து இவ்விடத்தில் பேசவும் நமக்கு விருப்பமில்லை.

நாம் எல்லாவற்றினும் முதன்மையாகக் கருதுவதை இறுதிக்கு வைத்தோம். நீலகிரியில் ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகள் கொழுந்தைப் பறித்து ஆலைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கின்றனர். படுகர் பெருமக்கள் அவருள் பலர். கொழுந்து விலை ஏல விலையோடு கட்டுண்டது. ஏலம் தாழ்ந்தால் அவர் அடுப்பும் தாழும். நல்ல விலை வேண்டி அவர்கள் பன்முறை போராடியுள்ளனர். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். கொழுந்து கிலோ 20 ரூபாயென்று கொண்டால், ஒரு கிலோ தேயிலைக்குள் விவசாயியின் பங்கு 90 ரூபாய். அதே கிலோவை நம் நண்பர் விற்பது 600 ரூபாய்க்கு! அந்தத் தொண்ணூறுக்குள்ளேதான் உரமும், பறிப்பவர் கூலியும் அடங்கவேண்டும்.

‘இரண்டிலையும் ஒரு மொட்டும்’ என்று நுனித்தளிரை மட்டும் பறித்தால்தான் இலை நன்றாகும் என்று தேநீர் விரும்புவோர் அனைவரும் பேசுவர். நுனித்தளிரை மட்டும் பறிப்பவருக்கு நாள் முடிவில் கூடையில் எடை குறையும் என்பதை எவரும் பேசுவதில்லை. எடைக்குக் கூலி பெறுபவர் முற்றிய இலையையும் சேர்த்துப் பறித்தால் அவரைக் குறைகூற நமக்கு வாயில்லை. நல்ல இலை வேண்டுவோர் அக்குறையை ஈடுசெய்தே ஆகவேண்டும். கொழுந்துக்குக் கிலோ 5 ரூபாய் கூடுதலாகத் தருவதென்று ஆலையோடும் விவசாயியோடும் பேசி முடிப்பின், பத்துக் கிலோ தேயிலைக்கு 225 ரூபாய் மிகும். தொண்ணூறு பொதிக்கும் பகிர்ந்தால் பொதிக்கு 2 ரூபாய் 50 காசு. பெருநிறுவனம் இதனைச் செய்யாது; பல தோட்டத்து இலைகளை ஒன்றாய்க் கலக்கும் அதற்கு, எவருக்குச் செய்வதென்றே தெரியாது. ஒரே ஆலையில் வாங்கும் சிறு வணிகனுக்குத் தெரியும்.

அவ்விரண்டரை ரூபாயைப் பொதியின் சீட்டில், ஊர்ப்பெயரோடும் பறித்த திங்களோடும், தனி வரியாக அச்சிடலாம். வாங்குவோர் அதனைத் தர உடன்படுவரோ என்று ஐயுறுவோர் உளராயின், அடுத்த சனவரியில் குன்னூருக்குச் செல்லும் நம் நண்பர் எவரேனும் 3,225 ரூபாயோடு இதனைச் சோதித்துப் பார்க்கலாம். முப்பது குடும்பங்களில் இரண்டு மூன்று, ஆசிரியர் குடியிருப்பிலேயே அவர்க்குக் கிடைக்கும் என்று நம்புகின்றோம்.