எளிது, யாருக்கு?

வார நாள் இரவுக்கு ‘எளிய பர்கர் கிண்ணம்’ என்றொரு பண்டம் இந்தியப் பெருநகரங்களின் கைபேசித் திரைகளில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. பன்னை நீக்கிவிட்டு, அதன் நடுவே அடங்கியிருந்த கறி, வெங்காயம், தக்காளி, லெட்டூஸ் இலை, சீஸ், சாஸ் எல்லாவற்றையும் தனித்தனியே கிண்ணத்தில் அடுக்கினால் அது ‘கட்டவிழ்த்த பர்கர்’. தில்லியிலும் குருகிராமிலும் பெங்களூரிலும் இரவு எட்டு மணிக்கு அலுவலகத்திலிருந்து வீடு திரும்புகிறவர்களுக்கென்றே பிறந்தது போன்ற உணவு. இதன்மீது எனக்குப் பகை ஏதும் இல்லை. சொல்லப்போனால் நான் இதன் கட்சி. என் வழக்கு, இதன் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘எளிய’ என்னும் அடைமொழியோடு. மொழியியல் படித்தவர்களின் தொழில்நோய் என்று தள்ளிவிடாமல் சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். ஒரு வீட்டின் உழைப்புக் கணக்கு முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் புதைந்து கிடக்கிறது.

முதலில் உணவைச் சொல்லிவிடுகிறேன். நால்வருக்கு அரைக் கிலோ கொத்துக்கறி. ஆடோ கோழியோ, அவரவர் விருப்பம். அகன்ற இரும்பு வாணலியை நன்றாகக் காயவைத்து, சிறிது எண்ணெய் விட்டு, கறியைப் பரப்பி, மூன்று நான்கு நிமிடம் கிளறாமல் விட வேண்டும். கிளறிக்கொண்டே இருந்தால் கறி நீர்விட்டு வெந்துபோகும். விட்டுவைத்தால் அடிப்பக்கம் சிவந்து, பர்கருக்கு உரிய சுட்ட மணம் எழும். பிறகு உதிர்த்து, பூண்டு, உப்பு, மிளகுத்தூள் சேர்த்து முழுவதும் வேகவைக்க வேண்டும். சாஸுக்கு நான்கு மேசைக்கரண்டி மயோனைஸ், இரண்டு மேசைக்கரண்டி தக்காளி சாஸ், ஒரு தேக்கரண்டி கடுகு சாஸ், பொடியாக நறுக்கிய வெள்ளரி ஊறுகாய். ஊறுகாய் இல்லையென்றால் வினிகரில் பத்து நிமிடம் ஊறிய வெங்காயம் போதும். பன்னையும் வீணாக்க வேண்டியதில்லை. துண்டுகளாக்கி வெண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்து மேலே தூவலாம். கறி உண்ணாதவர்களுக்கு உதிர்த்த பனீர், அல்லது மசித்து வறுத்த ராஜ்மா. அவ்வளவுதான்.

இதற்கு எதிராக இரண்டு குரல்கள் வழக்கமாக எழுகின்றன. இரண்டையும் மறுத்துவிட்டுத்தான் என் வழக்குக்கு வர முடியும்.

‘பன் இல்லாதது எப்படிப் பர்கர் ஆகும்?’ என்பது முதற்குரல். பெயரின் தூய்மையைக் காக்கப் புறப்பட்டவர்கள் அந்தப் பெயரின் பிறப்பை அறிந்தால் சற்றுத் தணிவார்கள். ஹாம்பர்கர் என்றால் ஹாம்பர்க் நகரத்தைச் சேர்ந்தது என்பதே பொருள். ஆங்கிலம் பேசியவர்கள் அச்சொல்லின் முற்பகுதியைப் பன்றித்தொடைக் கறியைக் குறிக்கும் ‘ஹாம்’ என்று பிரித்துக்கொண்டார்கள். எஞ்சிய ‘பர்கர்’ தனிச்சொல்லாகி, சீஸ்பர்கர் முதலிய புதிய கூட்டுகளைப் பெற்றெடுத்தது. மொழியியலில் இதற்கு மறுபகுப்பு என்று பெயர். தவறான இடத்தில் வெட்டியதால் பிறந்த சொல்லுக்குத் தூய்மை எங்கிருந்து வரும்? இந்தியாவிலோ கதை இன்னும் சுவையானது. 1996இல் மெக்டொனால்ட்ஸ் தில்லியில் கடை திறந்தபோது மாட்டிறைச்சியே இல்லாத பட்டியலோடுதான் வந்தது. உருளைக்கிழங்கு டிக்கியை நடுவே வைத்த பன்னை இந்நாட்டினர் பர்கர் என்றே ஏற்றார்கள். கறி போனபோது பெயர் போகவில்லை. இப்போது பன் போகும்போது மட்டும் ஏன் போக வேண்டும்?

இரண்டாம் குரல் கொடியது: ‘இது சமையலே அன்று, சோம்பேறித்தனம்.’ இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அடுப்பின் முன் நிற்காதவர்கள். பர்கரை முழு வடிவில் வீட்டில் செய்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கறியைப் பிசைந்து, தட்டையாகத் தட்டி, வாணலியில் இரண்டிரண்டாகச் சுட வேண்டும். முதல் இரண்டு சூடாக மேசைக்குப் போகும்போது அடுத்த இரண்டு கல்லில் இருக்கும். சுடுகிறவர் கடைசியில் உண்பார், பல வீடுகளில் நின்றபடியே. வட இந்திய வீட்டின் புல்காவும் நம் வீட்டுத் தோசையும் இதே வகைதான். ஒருவர் சுட, மற்றவர்கள் சூடாக உண்ணும் உணவு. சூடு குறையாமல் தட்டில் விழுவதைப் பாராட்டும் நாவு, அதை எடுத்துவருகிறவரின் இலை இன்னும் காலியாக இருப்பதைப் பார்ப்பதில்லை.

கிண்ணம் இந்த வரிசையைக் கலைத்துவிடுகிறது. கறி முழுவதும் ஒரே வாணலியில் ஒரே நேரத்தில் முடிகிறது. அடுப்பை அணைத்த பிறகே அனைவரும் அமர்கிறார்கள். சமைத்தவரும் மற்றவர்களோடு, அதே சூட்டில் உண்கிறார். இந்த ஒன்றுக்காகவே இவ்வுணவைப் போற்றுவேன். இன்னொரு நன்மையும் உண்டு. ஒரே குடும்பத்தில் கறி உண்ணாத பாட்டி, கறியன்றி வேறொன்றும் தொடாத பிள்ளை, சர்க்கரை நோயால் ரொட்டியைக் குறைத்த தந்தை, நவராத்திரி நாள்களில் வெங்காயம் பூண்டு விலக்குகிறவர் என்று பலர் இருப்பது நம் வீடுகளின் இயல்பு. பிரித்து வைத்த உணவில் அவரவர்க்கு வேண்டியதை அவரவர் எடுத்துக்கொள்ளலாம். நான்கு பேருக்கு நான்கு சமையல் செய்யும் கொடுமை ஓரளவு தணிகிறது. இதைச் சோம்பேறித்தனம் என்பவர்களுக்கு ஒன்றே சொல்வேன்: களைத்த உடல் ஓய்வு தேடுவதற்குச் சோம்பல் என்று பெயரிடும் உரிமை, அந்தக் களைப்பில் பங்கெடுத்தவர்களுக்கு மட்டுமே உண்டு.

இனி, என் வழக்கு.

1969இல் வெளிவந்த தம் நூலில் கரோல் சோம்ஸ்கி ஓர் ஆய்வை விவரிக்கிறார். ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகள் முன் கண்கள் கட்டப்பட்ட ஒரு பொம்மையை வைத்து, ‘இந்தப் பொம்மை பார்க்க எளிதா, கடினமா?’ என்ற பொருள்படும் கேள்வியைக் கேட்டார். சிறிய குழந்தைகளில் பலர் ‘கடினம்’ என்றார்கள். பொம்மையின் கண்தான் கட்டப்பட்டிருக்கிறதே! பார்ப்பது பொம்மை என்று அவர்கள் கருதினார்கள். பார்க்க வேண்டியவர் நாம் என்பதும், பொம்மை பார்க்கப்படுவது என்பதும் வயது ஏற ஏறத்தான் விளங்குகிறது. ‘எளிது’ போன்ற சொற்கள் வரும் வாக்கியங்களில், செயலைச் செய்கிறவருக்கான இடம் காலியாக விடப்பட்டிருக்கும். அதை நிரப்பக் கற்றுக்கொள்வதே மொழி கற்பதன் ஒரு பகுதி.

‘செய்வதற்கு எளிய பர்கர் கிண்ணம்’ என்ற தொடரிலும் அந்த இடம் காலிதான். குழந்தைகள் அங்கே தவறான ஆளை அமர்த்தினார்கள். வளர்ந்த நாமோ ஆளே இல்லை என்று நடந்துகொள்கிறோம். கிண்ணம் தானே தன்னைச் செய்துகொள்வது போல. தமிழ் இலக்கணம் இவ்வளவு எளிதில் தப்பவிடாது. ‘எளிது’ என்னும் குறிப்பு வினைமுற்று நான்காம் வேற்றுமையை அவாவி நிற்பது: எனக்கு எளிது, அவளுக்கு எளிது, உங்களுக்கு எளிது. அதைப் பெயரெச்சமாக்கி ‘எளிய உணவு’ என்றதும் அந்தக் ‘கு’ உருபு உதிர்ந்துவிடுகிறது; அதனோடு ஆளும் காணாமற்போகிறார். ஆகவே என் கேள்வி ஒற்றை உருபைப் பற்றியது. எளிது, யாருக்கு?

காணொளிகள் காட்டும் இருபது நிமிடம் வாணலி காய்ந்த கணத்தில் தொடங்கிக் கிண்ணம் நிறைந்த கணத்தில் முடிகிறது. வெங்காயம் நறுக்கப்பட்டே வருகிறது, இலை அலசப்பட்டே வருகிறது, கறி உறைபெட்டியிலிருந்து உறைநீங்கியே வருகிறது. வீட்டில் மயோனைஸ் தீர்ந்துபோயிற்று என்பதை நினைவில் வைத்திருந்தவர் யார்? காலையிலேயே கறியை வெளியே எடுத்து வைத்தவர் யார்? பாட்டிக்கான பனீரைத் தனிக் கரண்டியால் கிளற வேண்டும் என்று அறிந்தவர் யார்? முடிவையும் பாருங்கள். கையில் பிடித்து உண்ணும் பர்கருக்கு ஒரு தட்டு போதும்; கரண்டிகூட வேண்டாம். கிண்ண உணவுக்கோ வெட்டுப் பலகை, கத்தி, இலை அலசிய பாத்திரம், வாணலி, பன் வறுத்த சட்டி, சாஸ் கலக்கிய கோப்பை, பரிமாறும் கிண்ணங்கள் ஐந்தாறு, நால்வரின் கிண்ணங்கள், கரண்டிகள். அடுப்படியில் மிச்சமான உழைப்பு பாத்திரம் துலக்கும் தொட்டிக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. உழைப்பு குறைவது வேறு, கேமராவின் கண்ணுக்கு அப்பால் நகர்வது வேறு.

அந்த உழைப்பு யாருடையது என்பதற்கு அரசின் கணக்கே இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1 விழுக்காடு. ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் உழைத்தார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். 2024ஆம் ஆண்டு ஆய்வில் பெண்களின் நேரம் 289 நிமிடம். ஐந்தாண்டுகளில் குறைந்தது பத்து நிமிடம். ஆண்களின் நேரமும் 88 நிமிடமாகக் குறைந்திருக்கிறது. ‘பதினைந்தே நிமிடம்’, ‘ஒரே பாத்திரம்’ என்ற காணொளிகள் கைபேசிகளை நிறைத்த அதே ஐந்தாண்டுகள் இவை. எளிமை இவ்வளவு பெருகியும் ஐந்து மணி நேரம் ஏறத்தாழ அப்படியே நிற்கிறதென்றால், அந்த எளிமை யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

பெருநகர நடுத்தர வர்க்கத்தில் இந்தக் காலியிடத்தில் இன்னொருவரும் மறைந்திருக்கிறார். இரவு உண்டுவிட்டுத் தொட்டியில் போட்ட கிண்ணங்களைக் காலை ஏழு மணிக்கு வந்து துலக்கும் பெண். ‘எங்கள் வீட்டில் இருவரும் வேலையைச் சமமாகப் பகிர்கிறோம்’ என்று பெருமைப்படும் பல இணையர் உண்மையில் பகிர்ந்திருப்பது, மூன்றாமவர் மீது வைத்தது போக எஞ்சியதைத்தான். வீட்டுப் பணியாளர்களின் உரிமைகளுக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் நிறைவேற்றிய 189ஆம் உடன்படிக்கைக்கு இந்தியா இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை. அவர் துலக்கும் கிண்ணங்களின் எண்ணிக்கை கூடும்போது ஊதியம் கூடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

‘கட்டவிழ்ப்பு’ என்ற சொல்லுக்கு வருகிறேன். 1990களில் ஸ்பெயினின் எல்புல்லி உணவகத்தில் ஃபெரான் அத்ரியா உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்ந்த தம் நாட்டு டோர்ட்டியாவைப் பிரித்துக் கண்ணாடிக் கோப்பையில் பரிமாறியபோது இச்சொல் சமையலறைக்குள் புகழ்பெற்றது. அவருக்குப் பின்னால் ஒரு சமையற்படை நின்றது என்பதை நம் வீட்டுக் காணொளிகள் மறந்துவிட்டன. மெய்யியலில் இச்சொல்லை நாட்டிய தெரிதா அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைப்பது என்ற பொருளில் ஆளவில்லை. ஓர் அமைப்பு தான் நிற்பதற்காக எதை அடக்கி மறைக்கிறது என்று வாசிப்பதே அவர் முயன்றது. அந்தப் பொருளில் பார்த்தால், பன்னையும் கறியையும் பிரித்தவர்கள் இன்னும் எதையும் கட்டவிழ்க்கவில்லை. அந்த அடுக்களை அமைப்பின் முடிச்சு அப்படியே கிடக்கிறது.

அதை அவிழ்ப்பதற்கு இந்த உணவைவிடத் தோதான கருவி கிடையாது என்பதால்தான் இத்தனை எழுதுகிறேன். குழம்பை நால்வர் சேர்ந்து வைக்க முடியாது. இதை முடியும். ஏற்கெனவே பகுதிகளாக இருப்பதால் பகுதிக்கு ஓர் ஆள். ஒருவர் கறி, ஒருவர் நறுக்கல், ஒருவர் சாஸும் பன்னும். எட்டு வயதுப் பிள்ளை இலையை அலசிக் கிள்ளிப்போடலாம். கறிக்காரர் கத்தியைத் தொட வேண்டாம். நறுக்கியவர் அடுப்புக்கு வர வேண்டாம். முனிர்காவில் நாங்கள் நால்வர் பகிர்ந்து வாழும் வீட்டில் ஒரே விதிதான்: எந்தப் பகுதியை ஏற்றாயோ அதற்கான பொருளைக் கடையில் வாங்குவதும் உன் பொறுப்பு, அதன் பாத்திரத்தைத் துலக்குவதும் உன் பொறுப்பு. ‘சொன்னால் செய்திருப்பேனே’ என்ற வாக்கியத்துக்கு அங்கே இடமில்லை. சொல்வதும் ஒரு வேலை. அதையும் ஒருவரே ஏன் செய்ய வேண்டும்?

‘அலுவலகத்திலிருந்து களைத்து வருகிற ஆணிடம் இதையும் கேட்பதா?’ என்பீர்கள். அதே அலுவலகத்திலிருந்து, அதே மெட்ரோவில், அதே நேரத்தில் களைத்து வருகிற பெண்ணிடம் கேட்பதற்கு மட்டும் நமக்கு நா கூசுவதில்லை. ‘பிள்ளைகள் தரையெல்லாம் சிந்துவார்கள்’ என்பீர்கள். சிந்தட்டும்; துடைப்பதும் அவர்கள் கற்க வேண்டிய பாடம்தான். அடுக்களை ஒருவருடைய இடம் என்று கற்று வளர்ந்த பிள்ளையைத் திருத்துவதைவிடச் சிந்திய சாஸைத் துடைப்பது இலகு.

சமையற்குறிப்பு எழுதுகிறவர்களுக்கும் பகிர்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தலைப்பில் ‘எளிய’ என்று எழுதும்போது உருபோடு எழுதுங்கள். ‘ஒருவருக்கு ஒரு மணி நேரம், நால்வருக்கு ஆளுக்குக் கால் மணி நேரம், துலக்கல் உட்பட’ என்று எழுதினால் அது நேர்மையான குறிப்பு. அப்படி எழுத முடியாத உணவு எளிய உணவன்று; வேறொருவர் கையில் கடினமாக இருக்கும் உணவு. இன்றிரவு உங்கள் வீட்டில் பர்கர் கிண்ணம் என்றால், உண்டு முடித்து எழும்போது தொட்டியின் முன் யார் நிற்கிறார் என்று திரும்பிப் பாருங்கள். அந்த நான்காம் வேற்றுமை அங்கேதான் நிற்கிறது.