பாதரசத் துளி புகட்டும் பாடம்

காவிரியின் கிழக்குக் கரையில், ஈரோட்டுக்கு எதிரே அமைந்துள்ள பள்ளிபாளையத்தில் விசைத்தறியின் ஓசை கேளாத தெருவைக் காண்பது அரிது. அங்கே தறிக்கு முன் நின்றபடியே ஒரு நெசவுக்காரர் வெளியூர் வியாபாரியுடன் கைப்பேசியில் விலை பேசி முடித்துவிடுகிறார். கம்பியின்றி வார்த்தை ஆகாய மார்க்கமாகச் செல்வதை இன்று எவரும் அதிசயமாகக் கருதுவதில்லை. ஆனால் இவ்வித்தைக்கு வழி செய்தவர் யார், அதன் புகழும் லாபமும் யார் கையைச் சேர்ந்தன என்னும் கேள்வி, கைத்திறத்தை நம்பி ஜீவிக்கும் ஊர்களுக்கு மிகவும் முக்கியமானது. கடலுக்கு வெகு தொலைவிலுள்ள இவ்வூராரும் ஒரு கடற்கரையின் சரித்திரத்தை அறிய வேண்டுமென்று நாம் கூறுவது இதனாலேயே.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வால் பிரதேசத்தில், போல்டு என்னும் கடற்கரைப் பாறைமேடு ஒன்று உண்டு. இத்தாலியரான மார்க்கோனியின் கம்பெனி அங்கே 1900-ல் கம்பியில்லாத் தந்தி நிலையமொன்றைக் கட்டத் தொடங்கிற்று. அனுப்பும் யந்திரத்தை வகுத்துக் கொடுத்தவர் பேராசிரியர் பிளெமிங். சுமார் 200 அடி உயரமுள்ள 20 கம்பங்கள் வட்டமாக நாட்டப்பட்டன. 1901 செப்டம்பரில் அடித்த புயல் அவற்றைச் சாய்த்துவிட்டது. மார்க்கோனி மனந்தளரவில்லை, இரண்டே கம்பங்களைக் கொண்டு வேலையைத் தொடர்ந்தார். அவ்வாண்டு டிசம்பர் 12-ந் தேதி, அட்லாண்டிக் சமுத்திரத்தின் மறுகரையில், நியூபவுண்டுலாந்துத் தீவின் ஒரு குன்றின்மீது பட்டமொன்றைப் பறக்கவிட்டு, அதில் கட்டிய கம்பியின் மூலம் போல்டுவின் மூன்று புள்ளிச் சமிக்ஞையைக் காதால் கேட்டதாக அவர் அறிவித்தார். இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். காதால் கேட்டதற்குச் சாட்சி ஏது என்று அன்றே சிலர் ஐயுற்றனர். 1902 பிப்ரவரியில் 'பிலடெல்பியா' என்ற கப்பலில் ஏறிச்சென்று, 1,500 மைலுக்கு அப்பாலும் போல்டுவின் செய்திகளைக் காகித நாடாவில் பதியச் செய்து அவர் விடையளித்தார்.

நியூபவுண்டுலாந்துக் குன்றின்மீது அவர் வைத்திருந்த கருவிகளில் ஒன்றே நமது விஷயம். அது ஒரு சிறு கண்ணாடிக் குழாய். அதனுள்ளே ஒரு துளி பாதரசம். முந்தைய கருவிகளில் உலோகத் தூளை நிரப்பியிருப்பார்கள். ஒவ்வொரு சமிக்ஞைக்குப் பிறகும் அதைத் தட்டினாலன்றி அடுத்ததை அது ஏற்காது. பாதரசக் கருவியோ தானே பழைய நிலைக்குத் திரும்பும். இரும்பையும் பாதரசத்தையும் சேர்த்து இவ்வகைக் கருவியை ஆராய்ந்து, 1899-ல் லண்டன் ராயல் சொஸைட்டியின் வாயிலாக உலகுக்கு வெளிப்படையாக அறிவித்தவர் கல்கத்தா பிரெஸிடென்ஸி கலாசாலைப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ். மார்க்கோனிக்கு அக்கருவியைத் தந்தவர் ஸோலாரி என்னும் இத்தாலியக் கடற்படை அதிகாரி. அதன் மூலம் போஸின் ஆராய்ச்சியே என்று 1998-ல் பந்தோபாத்யாயர் என்ற அறிஞர் அமெரிக்க மின்பொறியியல் சங்கத்தின் ஏட்டில் வாதித்தார். அதை மறுப்பவர்களும் உண்டு. எனினும் போஸின் அறிக்கை முந்தியது என்பதில் சந்தேகமில்லை.

1895-லேயே கல்கத்தா நகர மண்டபத்தில் மின்னலைகளைச் சுவர்களினூடே செலுத்தி, மணியை அடிக்கவும் வெடிமருந்தைக் கொளுத்தவும் செய்து காட்டியவர் அவர். கலாசாலையில் வெள்ளையருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்குக் குறைந்த சம்பளம் என்றிருந்த அநீதியை எதிர்த்து, மூன்றாண்டுக் காலம் சம்பளமே வாங்காமல் உழைத்தவரும் அவரே. தந்திக் கம்பெனி முதலாளி ஒருவர் காப்புரிமை வாங்கும்படி வற்புறுத்தியபோது அவர் இணங்கவில்லை. பின்பு நண்பர்களின் நிர்ப்பந்தத்தால் 1904-ல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது; அதையும் அவர் காலாவதியாக விட்டுவிட்டார்.

மார்க்கோனியைத் திருடர் என்று தூற்றுவதில் நமக்குச் சம்மதமில்லை. மூலதனம் திரட்டி, புயலில் விழுந்ததை மீண்டும் நிறுத்தி, ஆராய்ச்சியைத் தொழிலாக்கிய பெருமை அவருடையது. போஸின் தியாகத்தையும் நாம் குறை கூறோம். அறிவு இருந்தும் அதைத் தொழிலாக்கக் கம்பெனியோ ஆலையோ ஆதரிக்கும் சர்க்காரோ இல்லாத அடிமை நாட்டின் நிலைமையே இங்கு குற்றவாளி. இதன் பயன் என்ன? 1927-ல் பூனாவுக்கு அருகே கிர்க்கியிலிருந்து இங்கிலாந்துக்குக் கம்பியில்லாத் தந்தி தொடங்கியபோது, நமது நாடு மார்க்கோனி முறைக்கு வாடிக்கைக்காரராகவே நின்றது. போஸ் பிறந்த நாடு போஸ் ஆராய்ந்த வித்தையை விலை கொடுத்து வாங்கிற்று!

அந்த நிலைமை இன்று மாறிவிட்டதா? சர்க்கார் நம்முடையது, சட்டமும் நம்முடையது. ஆயினும் பள்ளிபாளையத்துத் தறிக்கூடத்தில் நூல் அறாதிருக்கவும் துணி பிசகாதிருக்கவும் ஒரு பிட்டர் தம் அனுபவத்தால் செய்யும் சிறு திருத்தத்தை எவர் எழுதி வைக்கிறார்? அது வாய்மொழியாகப் பரவுகிறது. செய்தவர் பெயர் மறைகிறது. பிறகு எங்கோ செய்த யந்திரத்தில் அதே திருத்தம் இருந்தால், நாம் அதற்கும் விலை கொடுக்கிறோம்.

போஸுக்கு முதலிடம் என்று மேடையில் முழங்கிக் கைதட்டு வாங்குவது சுலபம். அதனால் ஒரு தறியும் ஓடாது. சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் பொறியியல் கல்லூரிகள் மாணவர்களைத் தறிக்கூடங்களுக்கு அனுப்பி, தொழிலாளரின் திருத்தங்களை அவர்கள் பெயருடன் தமிழில் பதிவு செய்ய வேண்டும். காப்புரிமை மனுவுக்கு ஆகும் செலவையும் எழுத்து வேலையையும் சர்க்கார் ஏற்க வேண்டும். நெசவாளர் சங்கங்கள் இதைக் கூலி உயர்வுக் கோரிக்கைக்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டும்.

பாதரசத் துளி ஒன்று கடல் கடந்து சென்று பிறர் பெயரில் பேசிற்று. அடுத்த துளியாவது நமது பெயரிலேயே பேசட்டும்.