சைட்டிங் கிடைத்ததா? – ஒருநாள் காட்டுப் பயணமும் சோளகரின் சொற்களும்

பெங்களூரிலிருந்து ஒருநாள் பயணமாகக் காட்டுக்குச் சென்று திரும்பும் இளைஞர்களிடம் மறுநாள் கேட்கப்படும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: ‘சைட்டிங் கிடைத்ததா?’ எந்த விலங்கு என்று அதில் சொல்லப்படுவதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. புலி என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். ஒரு காடு முழுவதும் ஒரே ஒரு பெயர்ச்சொல்லாகச் சுருங்கி, அப்பெயரும் உச்சரிக்கப்படாமலேயே விளங்கிவிடுகிறது என்பது மொழி பயில்வோர் சற்று நின்று நோக்கவேண்டிய செய்தி.

கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ள பிளிகிரிரங்கன மலையை எடுத்துக்கொள்ளலாம். கிழக்குத் தொடர்ச்சி மலையையும் மேற்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் பாலம்போல் அமைந்த மலைத்தொடர் அது. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர். முதுகுப்பையோடு விடியுமுன் புறப்படும் மாணவர் குழு எளந்தூர் வழியாக மலையேறலாம், ரங்கநாதர் கோயில் நிற்கும் வெண்பாறை விளிம்பிலிருந்து பள்ளத்தாக்கைப் பார்க்கலாம், கே.குடியில் சஃபாரி ஜீப்பில் ஏறலாம். நள்ளிரவுக்குள் விடுதி அறைக்குத் திரும்பிவிடலாம்.

இத்தகைய பயணத்தை ‘மேலோட்டமானது’ என்று ஒரு சொல்லில் ஒதுக்குவது எளிது, ஆனால் நியாயமன்று. காட்டு விடுதியில் ஓர் இரவு தங்குவதற்கு ஆகும் செலவை உதவித்தொகையில் வாழும் மாணவர் தாங்க இயலாது. பேருந்துக் கட்டணமும் சஃபாரிச் சீட்டும் மட்டுமே அவர்களுக்கு எட்டுபவை. ஒருநாள் பயணம் இல்லையெனில் காடு என்பது வசதி படைத்தோரின் தனிச்சொத்தாகவே எஞ்சும். எனவே சிக்கல் பயணத்தின் நேரக் குறுக்கத்தில் இல்லை. அந்தக் குறுகிய நேரத்தில் காட்டைப் பற்றிப் பேசுவது யாருடைய மொழி என்பதில்தான் இருக்கிறது.

இம்மலை சோளகரின் மலை. தமிழ் வாசகருக்கு இப்பெயர் புதிதன்று. சத்தியமங்கலம், தாளவாடிப் பகுதிகளிலும் அவர்கள் வாழ்கின்றனர், ச.பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவலுக்குப் பின் அப்பெயர் தமிழ்நாட்டில் பரவலாக அறியப்பட்டது. அவர்களது மொழி கன்னடத்துக்கு மிக நெருங்கிய தென்திராவிட மொழி. அதைக் கன்னடத்தின் கிளைமொழி என்போரும் உண்டு. அதற்கெனத் தனி எழுத்து இல்லை. அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடமும் இல்லை.

அம்மொழியின் சில சொற்களைக் கேட்டாலே தமிழருக்குச் செவி விழித்துக்கொள்ளும். அடர்ந்த பசுமைமாறாக் காடு அங்கே ‘கானு’. தமிழின் ‘கான்’ அதுவே. தமிழின் சொல்முதற் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும் என்ற விதியை அறிந்தவருக்கு ‘ஹுலி’ என்பது புலி என்றும், பாறையில் பெருங்கூடு கட்டும் தேனீயின் பெயராகிய ‘ஹெஜ்ஜேனு’ என்பது பெருந்தேன் என்றும் உடனே விளங்கும். ‘பிளி’ நம் ‘வெள்’ என்பதன் உறவு. பிளிகிரி என்றால் வெண்மலை.

ஒவ்வொரு குலத்துக்கும் உரிய நிலப்பரப்பின் பெயர் ‘எல்லெ’. அந்த எல்லைக்குள் தேவர், மாரம்மா, வீரு, கல்லுகுடி, நீரூற்றாகிய அப்பி என வழிபாட்டிடங்கள் அமைகின்றன. பெங்களூரின் ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தார் சோளகருடன் இணைந்து இத்தகைய நூற்றுக்கணக்கான இடங்களை வரைபடத்தில் குறித்துள்ளனர். தொட்டசம்பிகெ எனப்படும் பெருஞ்செண்பக மரம் அவர்களுக்குத் தெய்வம். புலியும் ‘ஹுலிவீரப்பா’ என்ற பெயரில் வணங்கப்படுகிறது. கோயிலில் நிற்கும் ரங்கநாதரோ குசுமாலெ என்னும் சோளகப் பெண்ணை மணந்தவர். ஆகையால் அவர்களுக்கு அவர் ‘பாவா’, அதாவது அக்காள் கணவர்முறை. தெய்வத்தை உறவுமுறை சொல்லி அழைக்கும் ஒரு சமூகத்தின் மலையில், சஃபாரி ஜீப்பிலிருந்து வருவோருக்குக் கிடைக்கும் சொற்கள் ‘சோன்’, ‘கால்’, ‘சைட்டிங்’ என்ற மூன்று மட்டுமே.

இது வெறும் சொல் நயம் பற்றிய ஏக்கம் அன்று. ‘காடு என்றால் மனிதர் இல்லாத இடம்’ என்ற எண்ணத்துக்கு இங்கே நெடிய நிர்வாக வரலாறு உண்டு. 1974இல் இம்மலை வனவிலங்குச் சரணாலயம் ஆனது. சோளகரின் இடம்மாறிச் செய்யும் வேளாண்மை நின்றது. அவர்கள் ‘போடு’ எனப்படும் குடியிருப்புகளில் நிலையாக அமர்த்தப்பட்டனர். 2011 ஜனவரியில் அது புலிகள் காப்பகம் ஆயிற்று. அதே ஆண்டில், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ், அங்குள்ள சோளகக் கிராமசபைகளின் சமூக வன உரிமைகள் ஏற்கப்பட்டன. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அவ்வுரிமை வழங்கப்பட்டதற்கு முன்னோடியாக இன்றும் எடுத்துக்காட்டப்படுவது அதுவே. சட்டத்தின் மொழியில் அவர்கள் உரிமையாளர்கள். சுற்றுலாவின் மொழியில் அவர்கள் வழியில் தென்படும் ‘பழங்குடியினர்’.

உண்ணிச்செடியின் கதை இதை இன்னும் தெளிவாக்கும். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து ஆங்கிலேயர் காலத்தில் அழகுச்செடியாக வந்த அது, இன்று இம்மலையின் அடிக்காட்டைப் புதராக மூடியிருக்கிறது. ஜீப்பில் வருவோருக்கு அது பச்சைப் பின்னணி; ‘எவ்வளவு அடர்ந்த காடு!’ என்று படம் எடுப்பார்கள். சோளக முதியோருக்கோ அது நோய். கோடைத் தொடக்கத்தில் தாங்கள் இட்டுவந்த ‘தரகு பெங்கி’, அதாவது தரையோடு ஓடும் சருகுத் தீ, தடுக்கப்பட்டதாலேயே உண்ணிச்செடியும், நெல்லி மரங்களைப் பற்றும் புல்லுருவியும் பெருகின என்பது அவர்கள் கூற்று. அக்கூற்றைச் சூழலியலாளர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு ஆய்விதழ்களில் விவாதித்துள்ளனர். ‘காட்டுத் தீ’ என்ற ஒரே சொல்லை வைத்திருப்பவருக்கு எல்லாத் தீயும் அழிவு. சருகுத் தீக்குத் தனிச்சொல் வைத்திருப்பவருக்கு எது காக்கும் தீ, எது அழிக்கும் தீ என்று பிரித்தறியத் தெரியும். அச்சொல் வழக்கொழிந்தால் வேறுபாட்டை அறியும் திறனும் உடன் ஒழியும்.

கல்விப்புலம் இதில் வெளியே நிற்க முடியாது. பல்கலைக்கழகத் துறைகளின் கல்விச் சுற்றுலாவும் பெரும்பாலும் இதே அட்டவணையில்தான் ஓடுகிறது: காலையில் கோயில், மதியம் ஏதேனும் ஒரு போடுவில் குழுப்படம், மாலையில் சஃபாரி. சோளகரின் பறவைப் பெயர்கள், தேனீ வகைகள், தாவர அறிவு ஆகியவற்றைப் பற்றி ஆங் சி எழுதிய மொழியியல் நூல் 2016இல் ஸ்பிரிங்கர் பதிப்பாக வந்தது, அரிய உழைப்பு. ஆயினும் அத்தகைய ஆய்வுகள் ஆங்கிலத்தில், மாணவர் வாங்க இயலாத விலையில் நிற்கின்றன. சொற்களைத் தந்தவர்களின் பேரக்குழந்தைகளோ பள்ளியில் கன்னடம் வழியாகப் பயில்கின்றனர். தரவு மலையிறங்கிவிட்டது, திரும்ப ஏறவில்லை.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. சஃபாரிப் பாதையின் பலகைகளில் எண்களோடு சோளகர் வழங்கும் இடப்பெயர்களையும் எழுதலாம். எவற்றை எழுதலாம், எந்தப் புனித இடத்தை வெளியாருக்குக் காட்டலாகாது என்பதைக் கிராமசபையே முடிவு செய்யட்டும். சுற்றுலா வருவாயில் அச்சபைகளுக்கு உரிய பங்கு சட்டப்படி வரையறுக்கப்படட்டும். காவலராகவும் வழிகாட்டியாகவும் பணிபுரியும் சோளக இளைஞர், ஆங்கிலக் கையேட்டின் பறவைப் பெயரைச் சொல்வதற்குமுன் பாட்டி சொன்ன பெயரைச் சொல்ல இடம் கிடைக்கட்டும். மாணவரைக் காட்டுக்கு அழைத்துச் செல்லும் துறைகள், புறப்படுமுன் ஒரு வகுப்பை அம்மொழிக்கு ஒதுக்கலாம்; திரும்பியபின் தொகுத்தவற்றைக் கன்னட எழுத்தில் அச்சிட்டு மலையிலுள்ள பள்ளிக்கு அனுப்பலாம்.

ஒருநாள் என்பது குறைவான நேரம்தான். ஆனால் புலி தென்படாத நாளிலும் ‘கானு’ எது, ‘எல்லெ’ எங்கே தொடங்குகிறது என்று ஒருவரிடம் கேட்டறிய அது போதும். அவ்வாறு கேட்டுத் திரும்பும் பயணியிடம் மறுநாள் ‘என்ன கிடைத்தது?’ என்று வினவினால், ஆம், இல்லை என்பதற்கு மேலாகச் சொல்ல ஏதேனும் இருக்கும். கேட்பதற்கு ஆளில்லாமற்போனால், சொல்பவரும் ஒருநாள் அச்சொற்களைச் சொல்வதை நிறுத்திவிடுவார்.